கட்டில் காவலர்

ஆஸ்பத்திரிகளை டாக்டர்கள் நடத்துகிறார்கள் என்று நீங்கள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தால், தொடர்ந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்த அனுபவம் உங்களுக்கு இல்லை என்று அர்த்தம். டாக்டர் ஒரு நோயாளியின் பக்கத்தில் ஒரு நாளைக்கு நிற்பது மூன்று நிமிஷம். நர்ஸ் வந்து வந்து போகிற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறும். மிச்ச நேரம் முழுவதும் அந்தக் கட்டிலையும் அதன்மேல் கிடக்கிற ஆளையும் ஆள்பவர் வேறொருவர். அவருக்குச் சம்பளம் கிடையாது. அதற்கென்று படிப்பும் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பிளாஸ்க், தோளில் ஒரு துண்டு, இவை போதும். இந்த இனத்துக்குக் கட்டில் காவலர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

கட்டில் காவலர் இல்லாத குடும்பம் உண்டா? ஒருவர் அட்மிட் ஆன செய்தி கேட்டு மற்றவர்கள் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, பார்வையாளர் நேரம் என்ன என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே இவர் மாற்றுத்துணியோடு வந்து இறங்கியிருப்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வந்ததும் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போடுவார். அடுத்து, போர்வையை நோயாளியின் கழுத்துவரை இழுத்து, இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகுவார். செருகிய பிறகு நோயாளியால் தன் மூக்கைக்கூடச் சொறிந்துகொள்ள முடியாது. பாதி வைத்தியம் முடிந்தது என்ற திருப்தியோடு இவர் நிமிர்ந்து உட்காருவார்.

இவருடைய மருத்துவ ஞானம் முழுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். ஓய்வு. காய்ச்சலா, ஓய்வு. கண் ஆபரேஷனா, ஓய்வு. ஓய்வெடுத்து ஓய்வெடுத்தே உடம்பு பலவீனமாகிவிட்டதா, அப்படியென்றால் எடுத்த ஓய்வு பத்தவில்லை. மனிதனுக்குக் கால் எதற்குப் படைக்கப்பட்டது என்று இவரைக் கேட்டால், போர்வையால் மூடுவதற்கு என்று சொன்னாலும் சொல்வார்.

இவருடைய வசனங்களும் நாலைந்துதான். நோயாளியிடம், "அசையாதீங்க." நோயாளி தண்ணீர் டம்ளரை நோக்கிக் கை நீட்டினால், "நான் எதுக்கு இருக்கேன்?" எழுந்து உட்காரப் பார்த்தால், "இப்ப என்ன அவசரம், ரயிலா பிடிக்கப் போறீங்க?" ஊசியோடு வருகிற நர்ஸிடம், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, "இப்பதான் கண்ணசந்தார்." பார்க்க வருகிறவர்களிடம், கொட்டாவியை அடக்கியபடி, "நான் கண்ணை மூடி மூணு நாளாச்சு." கடைசி வசனத்தை அவர் சொல்லும்போது கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம் இருக்கும். அதையெல்லாம் நாம் பார்க்கக்கூடாது.

நான் பார்த்த காவலரைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கடையில் மேல் தட்டிலிருந்த துணிக்கட்டை எடுக்க ஸ்டூலில் ஏறி, ஸ்டூல் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாக விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. உள்ளே பிளேட் வைத்து முடுக்கியிருந்தார்கள். அவர் மனைவி காலையில் கடையைத் திறந்து, துணி கேட்டு வருகிறவர்களுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு மத்தியானம்தான் வர முடியும். ஆகவே கட்டிலின் பொறுப்பு அந்த அம்மாளின் அண்ணன் கைக்கு வந்தது. வந்தது என்ன, அவரே எடுத்துக்கொண்டார்.

இந்த அண்ணன் ஒரு பெரிய கிடங்கில் முப்பத்தாறு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ஒரு திருகாணி இடம் மாறியது கிடையாதாம். எந்தப் பொருளும் அவர் கையெழுத்து இல்லாமல் அலமாரியை விட்டு இறங்கியதில்லையாம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டவர்கள்தான் அதிகமாம். இதை அவர் பெருமையாகச் சொன்னார். இப்பேர்ப்பட்டவரிடம் ஒரு மைத்துனரை ஒப்படைத்தால் என்ன செய்வார்? ஸ்டாக்கில் வைத்தார்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை பிசியோதெரபிக்காரப் பெண் ஒரு வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தையல்காரரை உட்காரவைத்து, எழுப்பி நிறுத்தி, நாலு அடி நடக்கவும் வைத்துவிட்டாள். அவருக்கு வலியில் முகம் கோணியது. ஆனாலும் நின்றதில் ஒரு சின்னச் சந்தோஷம் தெரிந்தது. நம்மவர் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கீழே விழப்போகிற பூந்தொட்டியைப் பிடிக்க நிற்பவரைப் போலப் பின்னாலேயே நின்றார்.

"ஏம்மா, உடைஞ்ச எலும்ப வெச்சுக்கிட்டு நடக்கச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா?"

"அதான் பிளேட் வெச்சு முடுக்கியாச்சே சார். நடந்தா எலும்புக்கு ஒண்ணும் ஆகாது. படுத்தே இருந்தாத்தான் ஆபத்து. காலுக்குள்ள ரத்தம் கட்டிக்கும். அந்தக் கட்டி பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போச்சுன்னா ஆளையே கொண்டுபோயிடும்."

அப்புறம் அவள் வரிசையாகச் சொன்னாள். மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். தினமும் மூன்று வேளை வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும், இன்றைக்குக் கதவு வரைக்கும், நாளைக்கு வராண்டா முனை வரைக்கும். முழங்காலுக்கு மேல் வரை வருகிற இறுக்கமான வெள்ளைக் காலுறையைக் கழற்றக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடுகிற ஊசியைத் தவறவிடக்கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியில் மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டும். சொல்லிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாளை மாட்டினாள். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. "நடந்ததும் இதுல ஒரு டிக் போட்டுடுங்க சார், டாக்டர் இதைத்தான் பார்ப்பார்" என்று பேனாவையும் நம்மவர் கையில் கொடுத்தாள். கோழிக்குஞ்சை யாரிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் தலை மறைந்ததும் நம்மவர் தீர்ப்பு சொன்னார். "சின்னப் பொண்ணு. படிச்சத ஒப்பிக்குது. நீங்க படுங்க மாப்பிள்ளை."

அன்று தொடங்கியது நிர்வாகம். முதலில் காலுறை. "இந்த இறுக்கு இறுக்குதே, ரத்தம் எந்த வழியாப் போகும்?" என்று உருவி எடுத்தார். எடுத்தவர் தூக்கி எறிந்தாரா? ஸ்டோர்கீப்பர் ஆயிற்றே. நீவி, நாலாக மடித்து, வந்த கவருக்குள்ளேயே போட்டு, மருந்து அலமாரியில் பத்திரப்படுத்தினார். புதுச் சரக்கு, எதற்கு அழுக்காக்க வேண்டும்? நர்ஸ் வருகிற காலடிச் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடுவார். போர்வைக்குள் காலுறை இருக்கிறது என்று நர்ஸ் நம்பினார்.

அடுத்து தண்ணீர். தண்ணீர் குடித்தால் என்ன ஆகும்? சிறுநீர் வரும். வந்தால் என்ன ஆகும்? எழ வேண்டியிருக்கும். ஆகவே ஆணிவேரிலேயே கை வைத்தார். தையல்காரர் தண்ணீர் கேட்டால் நாக்கு நனைகிற அளவு மூடியில் ஊற்றிக் கொடுத்தார். "போதும் போதும், ஆபரேஷன் பண்ண உடம்பு."

மூன்று பந்துக் கருவியை அவர் ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தானே வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். மூன்று பந்தும் சட்டென்று மேலே போய் நின்றன. "பாத்தீங்களா சார், எனக்கு அறுபத்தெட்டு" என்று என்னிடம் காட்டினார். நானும் தலையாட்டினேன். மைத்துனருக்காக அந்தக் கடமையைத் தினமும் மூன்று வேளை அவரே செய்துவந்தார்.

ஊசியில்தான் கொஞ்சம் இழுபறி. "உடைஞ்சது இடுப்பு, குத்துறது வயித்துலயா?" என்று நர்ஸை மடக்கினார். நர்ஸ் பதில் சொல்லிக்கொண்டே குத்திவிட்டுப் போய்விட்டார். மறுநாள் தையல்காரரின் வயிற்றில் ஒரு நீலத் திட்டைக் கண்டுபிடித்து, அதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, புதிதாக வந்த பயிற்சி நர்ஸிடம் வாதாடி, ஒரு நாள் ஊசிக்கு லீவு வாங்கிவிட்டார். நோயாளி மறுத்தார் என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டு போனாள். நோயாளியை யாரும் கேட்கவேயில்லை.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. என் மனைவி வேலைக்குப் போகிறவள், சாயங்காலம்தான் வருவாள். எனக்கென்று காவலர் இல்லாததால் நான் வேறு வழியில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

"சார், எங்க கிளம்பிட்டீங்க? ஒரு வார்த்தை சொன்னா நான் செய்ய மாட்டேனா?"

"பாத்ரூமுக்குங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ஏதாவது வழி இருக்கிறதா என்று உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். "சரி, போயிட்டு உடனே வந்து படுத்துடுங்க" என்று அனுமதி கொடுத்தார்.

இவர் கெட்டவரா? அதுதான் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் முதல் நாளே யாராவது விரட்டியிருப்பார்கள். மைத்துனர் முகம் சுளித்தால் இவருக்குக் கண் கலங்கும். ஆரஞ்சை உரித்து, நாரெடுத்து, கொட்டையெடுத்து, சுளை சுளையாக வாயில் வைப்பார். அவருடைய பயம் ஒன்றே ஒன்றுதான். எழுந்து நடந்து விழுந்துவிட்டால்? விழுந்தால் சத்தம் கேட்கும், ஊரே கூடும், "நீங்க பக்கத்துலயே இருந்து என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று தங்கை கேட்பாள். படுத்தே கிடந்து காலுக்குள் ரத்தம் உறைந்தால் சத்தம் கேட்காது. ஆள் போனாலும், விதி என்று சொல்லிவிட்டு எல்லாருமாகச் சேர்ந்து காவலரைத் தேற்றுவார்கள். பத்து நாளாக அசைய விடாமல் பார்த்துக்கொண்டாரே, பாவம், கொடுத்துவைக்கவில்லை என்பார்கள். இந்த இனத்தின் அடிப்படை ரகசியமே இதுதான். அவர் காப்பாற்றிக்கொண்டிருப்பது நோயாளியை அல்ல, தன் தலைமேல் விழக்கூடிய பழியிலிருந்து தன்னை.

கால்மாட்டுத் தாளுக்கு வருவோம். முப்பத்தாறு வருஷம் பதிவேடு எழுதிய கைக்குக் காலிக் கட்டத்தைப் பார்த்தால் பொறுக்காது. நடந்தார் என்று போட வேண்டிய இடத்தில் நடக்கவில்லை என்று எப்படி விட்டுவைப்பது? முதல் நாள் ஒவ்வொரு வேளைக்கும் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் டிக் போட்டார். இரண்டாம் நாள் தயக்கம் போய்விட்டது. ஒரே பேனாவில் போட்டால் ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று என்னிடம் ஒரு கறுப்புப் பேனா கடன் வாங்கினார். நான் எதற்கென்று கேட்காமல் கொடுத்தேன். பிசியோதெரபிப் பெண் வந்தபோது அவர் உதட்டில் விரல் வைத்து, "இப்பதான் வராண்டா முனை வரைக்கும் போயிட்டு வந்து அசந்து தூங்குறார்" என்று தாளைக் காட்டினார். அவளுக்கு அன்றைக்கு முப்பது கட்டில் பார்க்க வேண்டும். இந்த ஒரு ஆளாவது ஒழுங்காக நடக்கிறாரே என்ற நிம்மதியோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

தையல்காரர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மனைவியின் அண்ணன். வீட்டை விட்டு வந்து பக்கத்திலேயே கிடக்கிறார். மூஞ்சிக்கு நேரே எப்படிச் சொல்வது? அதோடு, எழுந்து நின்றால் வலிக்கிறது, படுத்தால் வலிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நோயாளிக்கும் காவலருக்கும் ரகசிய ஒப்பந்தம் உண்டு. ஒரே ஒரு தடவை, இரண்டாம் நாள், காவலர் பிளாஸ்க்கை நிரப்பப் போயிருந்த சமயம் பார்த்து அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரு கை குடுத்தா எந்திரிச்சு நின்னு பாப்பேன். கால் மரத்துப்போன மாதிரி இருக்கு."

"இருங்க, உங்க மச்சான் வந்துடட்டும்" என்றேன்.

அவர் மச்சான் வந்தார். போர்வையைச் செருகினார்.

படுத்துக் கிடக்கிறவருக்குப் பொழுது போக வேண்டுமே. கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவருக்கு என்னவோ போல் இருக்கிறது என்று மனைவி முதல் நாளே அதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு அவர் கைக்கு எட்டியதையெல்லாம் அளந்தார். கட்டிலின் அகலம், தலையணையின் நீளம், மச்சானின் மணிக்கட்டு. தன் கையால் எட்டாதபோது மனைவியைப் பிடிக்கச் சொல்லித் தன் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். இரண்டும் பதினாலு. மருந்துப் பெட்டியின் முதுகில் குறித்தும் வைத்தார். தொழில் பழக்கம்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு டாக்டர் வந்தார். தையல் போட்ட இடத்தைப் பார்த்தார். கால்மாட்டுத் தாளைப் பார்த்தார்.

"பரவாயில்லையே, ஒன்பது தடவை நடந்திருக்கார். நாளைக்குக் காலைல வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"எல்லாம் உங்க கைராசி டாக்டர்" என்றார் நம்மவர்.

மணி பத்துதான் ஆகிறது. தாளில் அன்றைய சாயங்கால நடைக்கும் டிக் விழுந்திருந்தது. வேலையை முன்கூட்டியே முடித்துவைக்கிற கை. டாக்டர் அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், அடுத்தவன் பக்கத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவன். அத்தனை பொய் டிக்கையும் பார்த்துவிட்டுப் படுத்தே கிடந்தேன். அவர்கள் குடும்ப விஷயம், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் தையல்காரர் இடது கால் இழுக்கிறது, கெண்டையில் வலிக்கிறது என்றார். நம்மவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு வேலை கிடைத்ததே. "அலைச்சல்" என்றார். மூன்று நாளாகக் கட்டிலை விட்டு இறங்காத மனிதருக்கு என்ன அலைச்சல்? வீட்டிலிருந்து கொண்டுவந்த தைலத்தை இரண்டு கையிலும் ஊற்றிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, அந்தக் காலை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேய்க்க ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் அவர் தங்கை வந்தார். வந்தவர் காலைப் பார்த்தார்.

"ஏங்க, கால் ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"தைலம்மா" என்றார் அண்ணன்.

"தைலம் இல்லண்ணே, வீங்கியிருக்கு."

"ஓய்வு பத்தல. எல்லாம் வடிஞ்சுடும்."

தையல்காரர் தலையணைக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் அண்ணன் கையை ஒதுக்கிவிட்டுக் காலைச் சுற்றிப் பிடித்தார். பதினாறு. மருந்துப் பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். பதினாலு. வலது காலை அளந்தார். அது இன்னும் பதினாலாகத்தான் இருந்தது.

"டேப் நழுவியிருக்கும்மா" என்றார் நம்மவர்.

முப்பது வருஷத்தில் தையல்காரரின் டேப்பைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. மூன்று நாளாக மச்சானை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர் முழங்கையை ஊன்றித் தலையை நிமிர்த்தினார்.

"மச்சான், நான் கால்சட்டை தைக்கிறவன். ரெண்டு காலுக்கும் ஒரே அளவுலதான் வெட்டுறோம். ஒரு கால் மட்டும் ரெண்டு இஞ்சு கூடுச்சுன்னா அது டேப்போட தப்பு இல்ல."

"சரி மாப்பிள்ளை, நீங்க படுங்க, நான் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சு விடுறேன்."

"அண்ணே, கையை எடுங்க."

தங்கை சத்தம் போடவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு எதிர்க்கட்டில்காரர்கூடப் புரண்டு பார்த்தார். அவர் அண்ணனிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை என்று அண்ணன் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. எண்ணெய்க் கையோடு அவர் அப்படியே நின்றார். அந்த அம்மாள் டேப்பைக் கையில் பிடித்தபடியே நர்ஸ் மேஜைக்கு ஓடினார்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. நர்ஸ் வந்து பார்த்தார், டாக்டருக்குப் போன் பண்ணினார், தையல்காரரைத் தள்ளுவண்டியில் ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி வண்டியின் கம்பியைப் பிடித்தபடி கூடவே போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். முழங்காலுக்குப் பின்னாலிருந்து தொடைவரை ரத்தம் உறைந்திருந்தது.

"நாளைக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டுல வெச்சு இந்தக் கட்டி நெஞ்சுக்குக் கிளம்பியிருந்தா, இங்க கொண்டுவர நேரம் இருந்திருக்காதும்மா. நல்ல வேளை, அளந்து பாத்தீங்க. தேய்ச்சதுல அது கிளம்பாம இருந்ததும் நம்ம அதிர்ஷ்டம்."

பிறகு அவர் தாளைக் கழற்றி இன்னொரு தடவை பார்த்தார். இந்தத் தடவை மூன்று நிமிஷத்துக்கு மேல் பார்த்தார். தாளைப் பெரிய நர்ஸிடம் கொடுத்தார். பெரிய நர்ஸ் வார்டில் எல்லாரும் பயப்படுகிற ஆள். அவர் போர்வையை விலக்கிக் காலுறை இல்லாத காலைப் பார்த்தார், அலமாரியைத் திறந்து நாலாக மடித்த காலுறையைப் பார்த்தார், கடைசியில் நம்மவரைப் பார்த்தார்.

"இதுல டிக் போட்டது யாரு?"

"நான்தான்."

"நடந்தது யாரு?"

நம்மவர் மருந்து அலமாரியை மூடப் போனார்.

"இன்னைக்குச் சாயங்காலம் நடக்கப்போறதுக்கு இப்பவே டிக் போட்டிருக்கீங்களே, அது எப்படிங்க?"

"எப்படியும் போட வேண்டியதுதானேன்னு" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் போட்ட டிக்கில் பாதி என் பேனாவில் போட்டது.

புது ஊசி ஆரம்பித்தார்கள், இந்தத் தடவை அளவு அதிகம். மருந்து ஏறியதும் மறுநாளே மெதுவாக எழுப்பி நடக்கவைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நம்மவருக்குத் தலை சுற்றியது. "கட்டி இருக்குன்னு சொல்லிட்டு நடக்கவும் சொல்றாங்களே, கட்டி இருந்தா அசையவே கூடாதே" என்று என்னிடம் வந்து முறையிட்டார். பாருங்கள், மூன்று நாள் கூத்தில் அவருக்குப் புரிந்தது இதுதான்.

அவர் தங்கை அவருடைய பையை எடுத்துக் கொடுத்தார். "அண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்க. உங்களுக்குத்தான் ஓய்வு வேணும். நான் கடையைப் பூட்டிட்டேன்."

மறுநாள் பிசியோதெரபிப் பெண் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாக நிற்க, தையல்காரர் வாக்கரைப் பிடித்து எழுந்தார். வெள்ளைக் காலுறை தொடைவரை ஏறியிருந்தது. கதவு வரைக்கும் போவதற்குள் வேர்த்துவிட்டது. "உயிரே போகுது" என்றார். "போகட்டும், வாங்க" என்றார் மனைவி. கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். புதுத் தாளில் ஒரு டிக் விழுந்தது. அந்த ஒரு டிக்கைப் பார்த்து அந்த அம்மாள் அழுதார்.

நம்மவர் திருந்தினாரா? அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் வராண்டாவில் நின்று உறவினர் ஒருவருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். நான் நடைப்பயிற்சியில் அவரைக் கடந்து போனேன். "நல்ல வேளை, நான் பக்கத்துலயே இருந்தேன். காலைத் தொட்டுப் பாத்ததும் ஏதோ சரியில்லன்னு எனக்குப் பட்டுச்சு. உடனே டாக்டரைக் கூப்பிட வெச்சேன். நான் மட்டும் இல்லன்னா" என்று சொல்லி, தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவரிடம் இல்லை. இதற்குள் அவர் அதை நம்பிவிட்டிருந்தார். அடுத்த உறவினர் எங்கே, எப்போது விழுவார் என்று அவர் காத்திருப்பதாக எனக்குத் தோன்றியது.

இதுவரை சிரித்துக்கொண்டு படித்தீர்கள், உங்கள் பெரியப்பா முகமோ சின்ன மாமனார் முகமோ மனசில் வந்திருக்கும். சந்தோஷம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா ஆபரேஷன் முடிந்து வந்த வாரம், அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கக் கிளம்பியபோது தடுத்தது யார்? உங்கள் அம்மாவுக்குத் தட்டைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அன்று முழுவதும் நல்ல பிள்ளை என்ற நினைப்போடு திரிந்தது யார்? "நடந்தாரா?" என்று போனில் டாக்டர் கேட்டதற்கு, "ஆமாங்க, கொஞ்சம் நடந்தார்" என்று சொன்னது யார்? டிக் போடுவதற்குத் தாள்தான் வேண்டும் என்பதில்லை. அப்படியும் தப்பித்துவிட்டீர்களென்றால், பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேனா கடன் கொடுக்கிற வகை ஒன்று இருக்கிறது, அதில் இடம் நிறைய இருக்கிறது, நானே இருக்கிறேன்.

சோதனை ஒன்றும் கஷ்டமானதல்ல. இன்றைக்கோ நாளைக்கோ உங்கள் வீட்டில் ஒருவர் போர்வையை விலக்கி, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் வைப்பார். அப்போது உங்கள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தையை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். "மெதுவா, என்னைப் பிடிச்சுக்குங்க" என்று வந்தால் அவர் பிழைத்தார். "இப்ப என்ன அவசரம்?" என்று வந்தால், அவரைக் கொஞ்சம் உங்களிடமிருந்து காப்பாற்றுங்கள்.